செய்து பார்

"பார்த்துச் செய்" என்று ஒரு சொல் நம் வீடுகளில் உண்டு. "செய்து பார்" என்றும் ஒன்று உண்டு. இரண்டிலும் அதே இரண்டு வினைகள்தாம். எது எச்சமாக முன்னால் வருகிறது, எது ஏவலாகப் பின்னால் நிற்கிறது என்பதில்தான் எல்லா வேறுபாடும். முதலாவது நிதானத்தின் குரல். ஏணியில் ஏறும் மகனிடம் அம்மா சொல்வது. இரண்டாவது துணிச்சலின் குரல். புதுச் சமையல் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறவளிடம் தோழி சொல்வது.

கணினியில் ஒரு ஃபோல்டரை உருவாக்குவது என்ற மிகச் சிறிய காரியத்தில் இந்த இரண்டு சொற்களும் தங்கள் குணத்தை மாற்றிக்கொள்கின்றன. ஒரே வேலையைப் பல நிரல்கள் ஒரே நேரத்தில் செய்யும் இடத்தில் "பார்த்துச் செய்" ஆபத்தாகிவிடுகிறது. "செய்து பார்" நிதானமாகிவிடுகிறது. நிரல் எழுதிப் பிழைக்கும் வாழ்க்கையில் நான் கண்ட அழகுகளில் இதை மிக உயர்ந்த ஒன்றாக வைத்திருக்கிறேன். ஒரு நல்ல வெண்பாவை அசை அசையாக நிறுத்திச் சுவைப்பது போல இதையும் நிறுத்திச் சுவைக்கலாம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது கும்மிடிப்பூண்டியில். சென்னை மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் ஏறினால் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை எல்லாம் தாண்டி மின்சார ரயில் போய் நிற்கும் ஊர். அங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்திலும் சுற்றுப்புறத்திலும் இரும்பு உருக்கும் ஆலைகளும் ரோலிங் மில்களும் நிறைய. பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கி, பில்லட்டாக வார்த்து, வீடு கட்டும் டி.எம்.டி. கம்பியாக உருட்டி அனுப்புவார்கள். உலையில் ஒரு தடவை உருக்கி ஊற்றுவதற்கு "ஹீட்" என்று பெயர். ஒவ்வொரு ஹீட்டுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்தான் அந்த இரும்பின் ஜாதகம்.

உருக்கு பதத்துக்கு வரும்போது நீளக் கரண்டியால் கொஞ்சம் எடுத்து, அச்சில் ஊற்றி, ஆறவைத்து, லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே ஸ்பெக்ட்ரோமீட்டர் அந்தச் சாம்பிளின் மேல் தீப்பொறி பாய்ச்சி, எழும் ஒளியைப் பிரித்து, கார்பன் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்று சொல்லிவிடும். ஐ.எஸ். 1786 தரப்படி ஃபெ 500 டி ரகக் கம்பியில் கார்பன் 0.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கந்தகமும் பாஸ்பரஸும் தனித்தனியே 0.040 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இந்த எண்களைத் தாங்கிய டெஸ்ட் சர்டிபிகேட் இல்லாமல் லாரி வாசலைத் தாண்டாது.

அப்படி ஓர் ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் இருந்தேன். ஒவ்வொரு ஹீட்டுக்கும் சர்வரில் ஒரு ஃபோல்டர். வருடத்துக்குள் மாதம், மாதத்துக்குள் நாள், நாளுக்குள் ஹீட் எண். அந்த ஃபோல்டருக்குள் மூன்று நிரல்கள் தங்கள் காகிதங்களைப் போடும். ஸ்பெக்ட்ரோ முடிவைப் போடுவது ஒன்று. உலையின் வெப்பத்தையும் மின்சாரத்தையும் குறித்துப் போடுவது இன்னொன்று. உலையில் இட்ட பழைய இரும்பின் எடையைப் போடுவது மூன்றாவது. மூன்றும் தனித்தனியாக ஓடுபவை. ஒன்று இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. மூன்றிலும் ஒரே இரண்டு வரிகளை எழுதியிருந்தேன்: இந்த ஃபோல்டர் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் உருவாக்கு.

பார்த்துச் செய்.

பல மாதங்கள் ஒழுங்காக ஓடின. பிறகு எப்போதாவது ஒரு ஹீட்டில் காகிதம் குறைந்தது. "சார், மூணுல ஒண்ணு ரெண்டு விழலை சார்" என்று ஏ ஷிப்ட் ஆள் வந்து நிற்பார். நான் போய்க் காகிதம் விழாத நிரலைக் கையால் ஓட்டுவேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடும். காகிதம் விழும். அவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். இந்தப் பிழையின் மாயமே இதுதான். தேடிப் போகும் நேரத்தில் ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கும். இருப்பதால் பிழை வராது. நோயாளி மருத்துவர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடுவது போல.

குறைந்த ஹீட்டுகளைத் தேதியோடு எழுதிப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. பெரும்பாலானவை மாதத்தின் முதல் தேதி, காலை ஆறு மணி ஷிப்டின் முதல் ஹீட். ஆலைக் கணக்கில் நாள் தொடங்குவதே அந்த ஷிப்டோடுதான். அன்றைக்கு மாத ஃபோல்டரும் புதிது, நாள் ஃபோல்டரும் புதிது, ஹீட் ஃபோல்டரும் புதிது. மூன்று நிரல்களும் ஒரே நொடியில் விழித்து, ஒரே வெற்றிடத்தைப் பார்க்கின்றன. மூன்றுக்கும் "இல்லை" என்ற பதில் கிடைக்கிறது. மூன்றும் உருவாக்கப் போகின்றன. ஒன்று உருவாக்கிவிடுகிறது. மற்ற இரண்டும் "ஏற்கெனவே இருக்கிறது" என்ற பதிலால் திகைத்து விழுகின்றன. அந்தப் பதில் வரக்கூடும் என்று நான் அவற்றுக்குச் சொல்லித் தரவே இல்லை. முன்பே பார்த்துவிட்டோமே என்ற நம்பிக்கை.

அந்த "இல்லை" பொய்யா என்று கேட்டால், பொய் இல்லை. சொன்ன கணத்தில் அது முழு உண்மை. பயன்படுத்திய கணத்தில்தான் பொய்யாகிவிட்டது. நடுவில் கழிந்தது சில மைக்ரோ நொடி. ஆனால் அந்தச் சில மைக்ரோ நொடிக்குள், இயங்குதளத்தின் கருவான கர்னல் ஒரு நிரலை நிறுத்தி, இன்னொன்றை ஓடவிட்டு, அதன் வேலை முடிந்தபின் முதலாவதைத் தட்டி எழுப்பலாம். எழுந்த நிரல் தான் தூங்கியதை அறியாது. கையில் உள்ள பழைய செய்தியைப் புதிது என்று நம்பிக் கிளம்பும். சோதித்த நேரத்துக்கும் பயன்படுத்திய நேரத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தச் சந்துக்கு உலகமெங்கும் நிரலாளர்கள் ஒரு தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புத் துறையில் அது ஒரு தனிக் குறைபாட்டு வகை.

தீர்வு நம் பேருந்து நிலையங்களில் எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டது. கூட்டமான பஸ் வந்து நிற்கிறது. புதியவர் ஜன்னல் வழியே எட்டி, சீட் காலியா என்று பார்க்கிறார். காலிதான். சுற்றிக்கொண்டு போய்ப் படியேறி உள்ளே வருகிறார். அங்கே வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். பழகியவர் பார்ப்பதில்லை. தோளில் இருக்கும் துண்டை ஜன்னல் வழியே சீட்டில் போடுகிறார். துண்டு விழுந்த கணமே கேள்வியும் அதுதான், பதிலும் அதுதான், உரிமையும் அதுதான். சீட்டில் ஏற்கெனவே ஒரு துண்டு கிடந்தால், தன் துண்டு அதன்மேல் விழுந்ததிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிடும். தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழி வந்த எல்லாக் கணினிகளிலும் அந்தத் துண்டுக்கு எம்கேடிர் என்று பெயர். கர்னலிடம் நேரடியாக விடுக்கும் ஓர் அழைப்பு. பெயரைக் கொடுக்கிறோம், யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று சொல்லும் அனுமதி எண்ணைக் கொடுக்கிறோம். அவ்வளவுதான் அதன் உடல். அதில் "இருக்கிறதா" என்ற கேள்வி எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேள்வி பதிலுக்குள் கரைந்து கிடக்கிறது. உருவாக்கிவிட்டால் பூஜ்யம் வரும். அந்தப் பெயரில் ஏதாவது இருந்தால் "இருக்கிறது" என்ற பிழை வரும். லினக்ஸில் அந்தப் பிழைக்கு எண் 17. ஆயிரம் நிரல்கள் ஒரே பெயரை ஒரே நொடியில் கேட்டாலும் பூஜ்யம் கிடைப்பது ஒன்றுக்கு மட்டும். மீதி 999க்கும் 17. நடுவில் யாரும் அதை அழிக்காதவரை இந்தக் கணக்கு தவறாது.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்று கர்னலின் உள்ளே எட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு மெய்சிலிர்த்தது. லினக்ஸ் கர்னல் முதலில் தாய் ஃபோல்டரின் பூட்டைப் போடுகிறது. பிறகு அந்தப் பெயர் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் 17 என்று சொல்லித் திரும்புகிறது. இல்லையென்றால் உருவாக்குகிறது. பூட்டை எடுக்கிறது. அதாவது கர்னலும் பார்த்துத்தான் செய்கிறது! நான் எழுதிய அதே இரண்டு வரிகள். ஒரே ஒரு வேறுபாடு, அது கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறது. அது பார்க்கும்போதும் செய்யும்போதும் அந்த ஃபோல்டருக்குள் வேறு எவரும் ஒரு பெயரைக்கூட வைக்கவோ எடுக்கவோ முடியாது.

ஆக "பார்த்துச் செய்" என்ற அறிவுரையில் பிழை இல்லை. அது சாவி கையில் உள்ளவருக்கான அறிவுரை. வீட்டுக்குள் இருக்கும் அம்மாவுக்குப் பொருந்தும். தெருவில் நிற்கும் நமக்குப் பொருந்தாது. நமக்குப் பொருந்துவது, சாவி உள்ளவரிடம் காரியத்தை முழுசாக ஒப்படைத்துவிட்டு, அவர் சொல்லும் பதிலைக் காது கொடுத்துக் கேட்பது.

இந்த ஒருமை கர்னலுக்குத் தொடக்கத்திலிருந்தே வாய்த்திருக்கவில்லை. 1979இல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஃபோல்டர் உருவாக்கத் தனி அழைப்பு கிடையாது. எம்கேடிர் அங்கே ஒரு கட்டளை மட்டும். தலைமைப் பயனரின் அதிகாரத்தோடு ஓடிய ஒரு நிரல். அது வேலையைப் படிப்படியாகச் செய்தது. முதலில் ஒரு வெறும் முனையை உருவாக்கும். அடுத்து அதைக் கேட்டவர் பெயருக்கு மாற்றி எழுதும். அடுத்து, ஃபோல்டர் தன்னையே சுட்டும் ஒற்றைப் புள்ளியை இணைக்கும். கடைசியாகத் தாய் ஃபோல்டரைச் சுட்டும் இரட்டைப் புள்ளியை இணைக்கும்.

முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. கெட்ட எண்ணம் கொண்ட ஒருவர் அந்தச் சந்தில் புகுந்து, வெறும் முனையை அகற்றிவிட்டு, அதே பெயரில் கடவுச்சொல் கோப்புக்கு ஓர் இணைப்பை வைத்துவிட முடிந்தது. அடுத்த படி வரும். அது பெயரை மட்டுமே நம்பும். கணினியின் கடவுச்சொல் கோப்பையே அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும். பத்திரம் எழுதும் மேசைக்கும் முத்திரை குத்தும் மேசைக்கும் நடுவில் தாளை மாற்றிவிட்டது போல. 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த 4.2 பி.எஸ்.டி. என்ற யூனிக்ஸ் பதிப்பு அந்த நான்கு படிகளையும் கர்னலுக்குள் இழுத்து ஒரே அழைப்பாக ஆக்கியது. இன்று நாம் ஒரு மூச்சில் சொல்லும் அந்தச் சின்னச் சொல்லுக்குள் நான்கு படிகள் அடைக்கப்பட்டிருக்கின்றன. நான்கு சொற்களில் சொல்வதை ஒரு தொகையில் சொல்லும்போது நடுவில் உள்ள உருபுகள் மறைந்து பொருள் இறுகுமே, அதே இறுக்கம் இது.

இனி அந்த 17 என்ற பதிலைச் சுவைக்க வேண்டும். ஒரே பதில்தான். ஆனால் கேட்பவரின் மனநிலைக்கு ஏற்ப அதன் பொருள் முற்றிலும் மாறுகிறது.

ஒரு வேலையை ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்கு அன்றைய கணக்கை மூடும் நிரல் இரண்டு தடவை கிளம்பிவிடக் கூடாது. அதற்கு, கட்டளைகளைக் கோத்து ஷெல் நிரல் எழுதுகிறவர்கள் நெடுங்காலமாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "பூட்டு" என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கப் பார். உருவானால் உள்ளே போய் வேலையைச் செய்; முடிந்ததும் அதை அழி. 17 வந்தால் வேறொருவர் உள்ளே இருக்கிறார், திரும்பிப் போ. இங்கே ஃபோல்டருக்குள் எதுவுமே வைப்பதில்லை. அது இருப்பதே அதன் பயன். இவருக்கு 17 என்பது மூடிய கதவு.

என் மூன்று நிரல்களுக்கோ யார் உருவாக்கினார் என்பது ஒரு பொருட்டே இல்லை. ஃபோல்டர் இருந்தால் போதும். அவற்றுக்கு 17 என்பது நல்ல செய்தி: நீ செய்ய வந்ததை இன்னொருவர் செய்துவிட்டார், உள்ளே வா. திறந்த கதவு. ஒரே சொல் ஒருவருக்கு மறுப்பாகவும் இன்னொருவருக்கு வரவேற்பாகவும் ஒலிக்கிறது. கர்னல் இரண்டில் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது. பொருள் கொள்வதைக் கேட்டவரிடம் விட்டுவிடும் இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். பைத்தான் மொழியின் 2.7ஆம் பதிப்பின் உள்ளே, மேல் அடுக்கு ஃபோல்டர்களை உருவாக்கும் இடத்தில், யாராவது முன்பே உருவாக்கியிருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டும் என்ற பொருளில் ஒரு சின்னக் குறிப்பு உண்டு. ஒரு பிழைச் செய்தியைப் பார்த்து மகிழச் சொல்லும் அந்தக் குறிப்பை எழுதியவர் இந்த நயத்தை உணர்ந்தவர்.

பதிலில் செறிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவா மொழியின் பழைய வழி ஒரு சான்று. அங்கே ஃபோல்டர் உருவாக்கும் அழைப்பு "ஆம்" அல்லது "இல்லை" என்று மட்டும் சொல்லும். "இல்லை" என்றால் வேறொருவர் உருவாக்கிவிட்டாரா, வட்டு நிறைந்துவிட்டதா, அனுமதி மறுக்கப்பட்டதா என்று தெரியாது. மூன்று வேறு கதைகளை ஒரே தலையசைப்பில் சொல்லும் ஊமை பதில் அது. 2011இல் வந்த ஜாவா ஏழாம் பதிப்பு இதைத் திருத்தி, காரணத்தோடு பேசும் புதிய அழைப்புகளைத் தந்தது.

அடுத்து, அடுக்கடுக்கான ஃபோல்டர்கள். வருடம், மாதம், நாள், ஹீட் என்று நான்கு தளங்கள். ஷெல்லில் "பி" என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால் எம்கேடிர் நான்கையும் தானே உருவாக்கிக்கொள்ளும். முன்பே இருந்தால் முணுமுணுக்காது. பைத்தானில் இதைச் செய்யும் வழிகளில் பாத்லிப் என்ற நூலகத்தின் வழிதான் என் நெஞ்சுக்கு நெருக்கமானது. சில வரிகள்தாம். அதன் நடையைத் தமிழில் சொல்கிறேன்.

முதலில் கடைசி ஃபோல்டரையே உருவாக்கப் பார். உருவானால் முடிந்தது. "தாய் இல்லை" என்ற பதில் வந்தால், தாயை இதே முறையில் உருவாக்கச் சொல். பிறகு திரும்பி வந்து இதை உருவாக்கு. வேறு எந்தப் பிழை வந்தாலும், "இருந்தால் பரவாயில்லை" என்று அழைத்தவர் சொல்லியிருந்து, அங்கே உண்மையிலேயே ஒரு ஃபோல்டரும் இருந்தால், அமைதியாகத் திரும்பு. இல்லையென்றால் பிழையை மேலே சொல்.

இதில் முதல் நயம், அது உச்சியிலிருந்து இறங்குவதில்லை. வேரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தளமாக "இருக்கிறாயா, இருக்கிறாயா" என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. கடைசிப் படியில் நேராகக் காலை வைக்கிறது. படி இல்லை என்று கால் சொன்னால் மட்டுமே ஒரு படி மேலே போகிறது. மாதத்தின் நடுவில், ஏற்கெனவே எல்லா மேல் தளங்களும் இருக்கும் நாளில், ஒரே ஓர் அழைப்போடு வேலை முடிந்துவிடும். தேவையான அளவுக்கு மேல் ஏறாத கால் அது.

இரண்டாவது நயம், தாய்க்கும் பிள்ளைக்கும் வேறு நியாயம். கடைசி ஃபோல்டர் "முன்பே இருக்கக் கூடாது" என்று நாம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாலும், மேல் தளங்களிடம் அந்தக் கண்டிப்பைக் காட்டுவதில்லை. அவை இருந்தால் இருக்கட்டும். கேள்வி கடைசியிடம் மட்டும்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் எத்தனை உறவினர் இருந்தாலும் சம்மதம் கேட்க வேண்டியது பெண்ணிடம் மட்டும் என்பது போல.

மூன்றாவது நயம்தான் ஆழமானது. அந்தக் கடைசி வரி பிழை எண்ணை நம்பவில்லை. 17தானா என்று ஒத்துப் பார்க்கவில்லை. அங்கே ஃபோல்டர் இருக்கிறதா என்று இப்போது, இந்த இடத்தில், பார்க்கிறது. காரணம் உண்டு. ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டரை உருவாக்கச் சொன்னால் சில இயங்குதளங்கள் "இருக்கிறது" என்பதற்கு முன்னால் "அனுமதி இல்லை" என்றோ "இது படிக்க மட்டுமான வட்டு" என்றோ வேறொரு குறையை முதலில் சொல்லிவிடலாம். விண்டோஸில் ஒரு டிரைவின் வேரையே உருவாக்கச் சொன்னால் அனுமதிப் பிழை வரும். அங்கே 17ஐத் தேடிக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம். மறுபக்கம், 17 வந்தாலும் அங்கே இருப்பது ஃபோல்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதே பெயரில் ஒரு சாதாரணக் கோப்பு கிடக்கலாம். எங்கேயும் போய்ச் சேராத ஒரு குறுக்கு இணைப்பு கிடக்கலாம். "இருக்கிறது" என்றால் பெயர் இருக்கிறது என்று மட்டுமே பொருள்.

ஆகவே இங்கே பார்த்தல் திரும்பி வருகிறது. ஆனால் சரியான இடத்தில், செய்ததற்குப் பின்னால் வருகிறது. முன்னால் வந்த பார்வை இனி நடக்கப் போவதைப் பற்றி ஜோசியம் சொன்னது. பின்னால் வரும் பார்வை நடந்துவிட்டதைப் பற்றிச் சாட்சி சொல்கிறது. "செய்து பார்" என்ற தொடரில் தமிழ் "பார்" என்பதைக் கடைசியில் வைத்ததை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். வெறும் "முயன்று பார்" என்ற துணைவினையாக அதை அதுவரை கேட்டிருந்தேன். அங்கே கண்ணும் ஒன்று இருக்கிறது. செய், பிறகு கண்ணால் பார்.

பார்வை தவறான இடத்தில் நுழைந்தால் நல்லவர்கள் கையிலும் தீங்கு நேரும் என்பதற்கு அதே பைத்தானில் ஒரு வரலாறு உண்டு. 2011இல் வந்த 3.2ஆம் பதிப்பில் மேக்டிர்ஸ் என்ற அழைப்புக்கு "இருந்தால் பரவாயில்லை" என்று சொல்லும் வசதி வந்தது. அதில் ஒரு கூடுதல் அக்கறையும் இருந்தது: முன்பே இருக்கும் ஃபோல்டரின் அனுமதி, கேட்ட அனுமதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒத்துப்போகாவிட்டால் பிழை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒத்துப் பார்க்க உமாஸ்க் என்ற மதிப்பு வேண்டும். அது ஒவ்வொரு நிரலுக்கும் உள்ள ஒரு சல்லடை. 777 என்று அனுமதி கேட்டாலும் 022 என்ற சல்லடை வழியே போனால் 755ஆகத்தான் விழும். யூனிக்ஸ் மரபில் இந்தச் சல்லடையைத் தொடாமல் பார்க்க வழி இல்லை. புதிய மதிப்பு ஒன்றை வைத்தால் பழைய மதிப்பு பதிலாக வரும். அதைத் தெரிந்துகொண்டு மறுபடி பழையதை வைக்க வேண்டும். பைத்தான் அதைத்தான் செய்தது. ஒரு கணம் சல்லடையைப் பூஜ்யமாக்கி, பழையதைக் கேட்டுக்கொண்டு, திரும்ப வைத்தது. ஆனால் அந்தச் சல்லடை ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் எல்லா இழைகளுக்கும் பொது. அந்த ஒரு கணத்தில் பக்கத்து இழை ஒரு கோப்பை உருவாக்கினால், அது சல்லடையே இல்லாமல், யாரும் எழுதலாம் என்ற அனுமதியோடு பிறந்துவிடும்.

2014இல் இது ஒரு பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவானது. சி.வி.இ. 2014-2667 என்பது அதன் எண். அதே ஆண்டு வந்த 3.4.1ஆம் பதிப்பில் திருத்தினார்கள். எப்படித் திருத்தினார்கள் என்பதில்தான் அழகு. அந்த ஒப்பீட்டையே எடுத்துவிட்டார்கள். அதைப் பத்திரமாகச் செய்ய வழியே இல்லை என்று ஆவணத்திலும் ஒப்புக்கொண்டார்கள். ஓர் அக்கறையைப் பாதுகாப்பாகக் காட்ட முடியாது என்று தெரிந்தபின் அதைக் கைவிடுவதற்கு ஒரு முதிர்ச்சி வேண்டும். ஓவியர் கடைசியில் ஒரு கோட்டைச் சேர்க்காமல் தூரிகையைக் கீழே வைப்பதைப் போன்ற முதிர்ச்சி.

இன்னும் ஒரு நுட்பம் சொல்ல வேண்டும். சில சமயம் ஃபோல்டர் இருப்பது மட்டும் போதாது, நிறைந்து இருக்க வேண்டும். சர்டிபிகேட் கட்டுகளை வாடிக்கையாளருக்கு அனுப்பும் நிரல் ஒன்று எங்கள் ஆலையில் இருந்தது. கட்டுக்கான ஃபோல்டரைக் கண்டதும் அனுப்பிவிடும். பாதி நிறைந்த நேரத்தில் கண்டால் பாதியையே அனுப்பும். இதற்கு யூனிக்ஸ் தரும் வழி சமையலறையும் பந்தியும் போன்றது. முதலில் எம்கேடிடெம்ப் என்ற அழைப்பால் யாருக்கும் தெரியாத பெயரில் ஒரு தற்காலிக ஃபோல்டரை உருவாக்கிக்கொள்ள வேண்டும். பெயரின் வாலில் ஆறு எழுத்துகள் தற்செயலாக விழும். ஒவ்வொரு இடத்துக்கும் 62 எழுத்துகளில் ஒன்று. மொத்தம் சுமார் 5,680 கோடிப் பெயர்கள். அனுமதி 700, உரியவரும் தலைமைப் பயனரும் தவிர எவரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அப்படியும் தற்செயலாக அதே பெயர் முன்பே இருந்துவிட்டால்? அதுவும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. உருவாக்கப் பார்க்கும், 17 வந்தால் வேறு பெயரை எடுத்து மறுபடி உருவாக்கப் பார்க்கும்.

அந்தத் தற்காலிக ஃபோல்டருக்குள் எல்லாக் காகிதங்களையும் வைத்து முடித்தபின், அதே வட்டில், ஒரே பெயர் மாற்றத்தால் அதை உரிய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெயர் மாற்றமும் எம்கேடிர் போலவே பிளக்க முடியாத ஒற்றைச் செயல். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு கணம் முன்பு எதுவும் இல்லை. ஒரு கணம் பின்பு எல்லாம் இருக்கிறது. பாதி என்ற நிலையே உலகுக்குத் தெரியாது. அந்த இடத்தில் முன்பே நிறைந்த ஃபோல்டர் ஒன்று இருந்தால் பெயர் மாற்றம் மறுத்துவிடும். ஒருவர் பரிமாறிய இலையை இன்னொருவர் இழுப்பதற்கு அது இடம் தராது.

இவ்வளவு பாராட்டியபின் இதன் எல்லையையும் சொல்வதுதான் நேர்மை. எம்கேடிர் தரும் வாக்கு அந்த ஒரு கணத்துக்கானது. உருவான ஃபோல்டரை அடுத்த கணம் வேறொருவர் அழித்தால் அது பொறுப்பேற்காது. பழைய காலி ஃபோல்டர்களைக் கூட்டிப் பெருக்கும் நிரல் ஒன்று பக்கத்தில் ஓடினால், தாயை உருவாக்கிவிட்டுப் பிள்ளைக்குத் திரும்புவதற்குள் தாய் போய்விடலாம். அங்கே மறுபடி ஏறி மறுபடி உருவாக்கும் பொறுமை நிரலுக்கு வேண்டும். நெட்வொர்க் வழியே பகிர்ந்த வட்டில் இன்னொரு விசித்திரம் நடக்கலாம். நம் கட்டளை சர்வரை அடைந்து ஃபோல்டர் உருவாகிவிடுகிறது. பதில் மட்டும் வழியில் தொலைகிறது. நம் கணினி அதே கட்டளையை மறுபடி அனுப்ப, "ஏற்கெனவே இருக்கிறது" என்று வருகிறது. தான் போட்ட துண்டையே இன்னொருவர் துண்டு என்று எண்ணித் திரும்பிப் போகும் நிலை. பூட்டாகப் பயன்படுத்துகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். ஃபோல்டர் இருந்தால் போதும் என்பவர்களுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு 17 எங்கிருந்து வந்தாலும் நல்ல செய்திதான்.

கும்மிடிப்பூண்டி ஆலையில் மூன்று நிரல்களிலும் அந்த "இருக்கிறதா" வரியை அழித்தேன். சேர்த்ததைவிட அழித்தது அதிகம். உருவாக்கும் வரி மட்டும் மிஞ்சியது. அதோடு, இருந்தால் பரவாயில்லை என்ற ஒரு சொல். யார் உருவாக்கியது, யார் வந்து பார்த்தபோது முன்பே இருந்தது என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதும்படியும் செய்தேன்.

அடுத்த மாதம் முதல் தேதி, காலை ஆறு மணிக்கு முன்பே போய் லேபில் உட்கார்ந்தேன். இரவு வேலை முடித்த சி ஷிப்ட் கிளம்பிக்கொண்டிருந்தது. முதல் ஹீட்டின் சாம்பிள் இன்னும் சூடு ஆறாமல் இடுக்கியில் வந்தது. தீப்பொறி பாய்ந்தது. திரையில் மூன்று வரிகள் ஒரே நொடியில் விழுந்தன. மாத ஃபோல்டரை எடை நிரல் உருவாக்கியிருந்தது. நாள் ஃபோல்டரை உலை நிரல். ஹீட் ஃபோல்டரை ஸ்பெக்ட்ரோ. ஒவ்வொன்றும் மற்ற இரண்டு தளங்களிலும் "முன்பே இருந்தது" என்று குறித்துவிட்டு உள்ளே போயிருந்தது. ஒன்றையொன்று அறியாத மூன்று நிரல்கள் சேர்ந்து ஒரு வீட்டைக் கட்டி முடித்திருந்தன. ஃபோல்டரைத் திறந்தேன். மூன்று காகிதங்களும் இருந்தன.